ஒன்பதாம் வீட்டு வாசல்

என் அத்தானுக்கு அலுவலகத்தில் வைத்த பெயர் அரையங்குலம். பொதுப்பணி அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருஷம் படம் வரைந்தவர். கொத்தனார் எழுப்பிய சுவர் படத்தைவிட அரை அங்குலம் தள்ளியிருந்தாலும் போதும், இடித்துவிட்டுக் கட்டு என்று வெயிலில் அங்கேயே நின்றுவிடுவார். ஒப்பந்தக்காரர்கள் அவரைத் தூரத்தில் கண்டாலே வண்டியை அடுத்த தெருவுக்குத் திருப்புவார்கள். வீட்டிலும் அதே கதைதான். அக்கா கட்டிலைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டால், டேப்பை எடுத்துக்கொண்டு வந்து தலைமாட்டில் கோணல் என்பார். அக்கா அந்த டேப்பைப் பிடுங்கி அரிசி டின்னுக்குள் ஒளித்துவைப்பாள்.

தப்பு என்கிற வார்த்தையை அவர் அடுத்தவர்களைப் பற்றிப் பேசத்தான் வைத்திருந்தார். அப்படிப்பட்ட மனிதர் வாழ்நாளில் ஒரே ஒரு தப்புச் செய்தார். அந்தத் தப்புக்குள்தான் நாங்கள் முப்பத்தாறு வருஷமாகக் குடியிருந்தோம் என்பது எனக்கு ஐம்பத்தொரு வயதில் தெரியவந்தது.

எங்கள் வீடு மணிக்கூண்டிலிருந்து எண்ணினால் ஒன்பதாவது. ஊரிலேயே அகலமான சாலை, அணிவகுப்புப் போகிற சாலை. வெளிநாட்டுக்காரன் ஆட்சி போய்ப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்த சமயம். அப்போது எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு முகம். ஒன்றில் மரச் சட்டம், ஒன்றில் வளைவு, ஒன்றில் பச்சை ஓடு; ஆட்சி செய்தவர்கள் விட்டுப்போன இரண்டு வீடுகளில் உருண்டைத் தூண்கள். புதிதாக விடுதலை பெற்ற நாடுகளின் தலைவர்கள் எல்லோரும் எங்கள் ஊரில் கூடப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. அவர்கள் வருகிற வழியில் தெரு இப்படிக் கதம்பமாக நின்றால் நம்மை ஒரு நாடென்று எவன் மதிப்பான் என்று அரசாங்கத்துக்குக் கவலை வந்துவிட்டது. வீடுகளை இடிக்கவா முடியும்? எல்லா வீட்டுக்கும் முன்னால் ஒரே நீளமாக, இரண்டு ஆள் உயரத்துக்கு, ஓட்டை ஓட்டையாகப் பின்னல் வைத்த சிமெண்ட் ஜாலிச் சுவர் ஒன்று கட்டிவிடுவது என்று முடிவானது.

இங்கே நாங்கள் நாலு வகை மக்கள். நாலு பாஷை, நாலு வழிபாடு. ஒவ்வொரு கூட்டத்துக்கும் காலங்காலமாக ஒரு வடிவம் உண்டு: நட்சத்திரம், கொடி, அலை, முடிச்சு. ஜாலியின் ஓட்டைகள் இந்த நாலு வடிவத்தில் இருக்கவேண்டும், ஆளுக்குக் கால் பங்கு சுவர் என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. மணிக்கூண்டுப் பக்கம் யார் முதலில் நிற்பது என்பதில்தான் சிக்கல். பதினொரு பேர் கொண்ட குழு பதினான்கு தடவை கூடி, இரண்டு தடவை நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துபோய், கடைசியில் சீட்டுப் போட்டு எடுத்தார்கள். முதலில் நட்சத்திரம், பிறகு கொடி, பிறகு அலை, கடைசியில் முடிச்சு. பதினொரு பேரும் படத்தில் கையெழுத்துப் போட்டார்கள். நாங்கள் அலைக்காரர்கள். மூன்றாம் இடம் கிடைத்ததென்று அப்பா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

அத்தான் எங்கள் வீட்டுக்குள் வந்ததே அந்தச் சுவரால்தான். மனைகளை அளக்க அலுவலகத்திலிருந்து அனுப்பியிருந்தார்கள். எங்கள் வீட்டு முகப்பை அவர் மூன்று தடவை அளந்ததை அப்பா உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். செங்கல்லையே இவ்வளவு அக்கறையாகப் பார்க்கிறவன் பெண்ணை எப்படிப் பார்த்துக்கொள்வான் என்று அம்மாவிடம் சொன்னாராம். மூன்று மாதத்தில் கல்யாணம் முடிந்து, அத்தான் ஒரு பெட்டியும் ஒரு தகரக் குழாயும் கொண்டுவந்து எங்கள் வீட்டோடு மாப்பிள்ளையாகத் தங்கிவிட்டார். தகரக் குழாய்க்குள் படிப்புச் சான்றிதழ்கள் இருப்பதாகச் சொன்னார். அது பீரோவின் உச்சியில் ஏறியது, அப்புறம் நாங்கள் யாரும் அதைத் தொடவில்லை.

சுவர் எழுந்தபோது ஊரே வாயைப் பிளந்தது. மணிக்கூண்டுப் பக்கம் நின்றது முடிச்சு. அடுத்து அலை, பிறகு கொடி, கடைசிக் கோடியில் நட்சத்திரம். மேலிடத்தில் யாரோ யாரையோ பிடித்து வரிசையை மாற்றிவிட்டார்கள் என்று நட்சத்திரக்காரர்கள் கொதித்தார்கள். அதிகாரிகள் படத்தை விரித்துக் காட்டினார்கள். படத்திலும் அப்படித்தான் இருந்தது. குழு கையெழுத்துப் போட்ட மூலப் படத்தைக் காட்டு என்றபோது அது காணாமல்போயிருந்தது. மாநாட்டுக்கு ஒன்பது நாள்தான் பாக்கி. ஓர் அமைச்சர் வந்து, அணிவகுப்பு முடிகிற இடத்தில்தான் வணக்கம் ஏற்கும் மேடை இருக்கிறது, ஆகவே கடைசி இடம்தான் கௌரவமான இடம் என்று ஒரு மணி நேரம் பேசினார். நட்சத்திரக்காரர்கள் பாதி சமாதானம் ஆனார்கள். முடிச்சுக்காரர்கள் வாயைத் திறக்கவே இல்லை, கிடைத்ததை எவன் கெடுத்துக்கொள்வான்? அப்பாவுக்கோ மூன்றிலிருந்து இரண்டுக்கு ஏறிவிட்ட மிதப்பில் தெருவில் நடக்கிற நடையே மாறிவிட்டது.

அந்த மிதப்பெல்லாம் வீட்டுக்குத் திரும்புகிற வரைக்கும்தான். தெருவில் நாற்பது கட்டடம், எல்லாம் ஒரே அகலமான மனை. முப்பத்தொன்பது கட்டடங்களுக்கு முன்னால் சுவரில் ஆள் போகிற திறப்பு விட்டிருந்தார்கள். எங்கள் வீட்டுக்கு மட்டும் இல்லை. வாசலைத் திறந்தால் நாலடியில் சிமெண்ட் முடிச்சு. அதே சமயம் மறுகோடியிலிருந்து ஒன்பதாவதாக ஒரு பழைய கிடங்கு இருக்கிறது. அதற்குத் தெருப் பக்கம் கதவே கிடையாது, பின்சந்தில்தான் சரக்கு இறங்கும். அந்தக் கிடங்கின் மொட்டைச் சுவருக்கு எதிரே ஜம்மென்று ஒரு திறப்பு.

அப்பா ஆறு வருஷம் மனு எழுதினார். எழுதினார் என்றா சொன்னேன்? அப்பா சொல்லச் சொல்ல அத்தான்தான் எழுதினார். அச்சில் வார்த்தமாதிரி கையெழுத்து அவருக்கு. 'ஒன்பதாம் எண் வீட்டாராகிய நாங்கள்' என்று தொடங்கும். ஒவ்வொரு மனுவுக்கும் ஒரே பதில் வந்தது: படத்தில் இல்லாத திறப்பை விட இயலாது. பத்தாவது வருஷம் சுவரைத் தேசிய சின்னம் என்று அறிவித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஆணி அடித்தால்கூட ஜெயில்தான்.

ஆக, நாங்கள் பின்பக்கத்து மனிதர்கள் ஆனோம். அடுப்படியைத் தாண்டி ஒரு சந்து. ஒரு பக்கம் பக்கத்து வீட்டுச் சுவர், மறுபக்கம் எங்கள் மாடிப்படியைத் தாங்கும் சுவர். இடைவெளி இருபத்திரண்டு அங்குலம். நடுவில் ஒரு திருப்பம், முடிவில் மூன்று படி, பிறகு சாக்கடை ஓடும் பின்தெரு. அக்கா இரண்டு பிரசவத்துக்கும் வயிற்றைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு அந்தச் சந்து வழியாகத்தான் போனாள். அப்பா இறந்தபோது அவரையும் அந்த வழியாகத்தான் எடுத்தோம். திருப்பத்தில் படுக்கவைத்தபடி கொண்டுபோக முடியவில்லை. நிமிர்த்தி, சாய்த்து, மறுபடி நிமிர்த்தி எடுத்தோம். தலைப் பக்கம் நான், கால் பக்கம் அத்தான்.

நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியன். ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தில் ஏழாவது பாடம் 'நமது சுவர்'. சுவரைப் பார்த்து யாரோ எழுதிய பாடம். முடிச்சு ஏன் முதலில் நிற்கிறது? ஒற்றுமையே எல்லாவற்றுக்கும் தொடக்கம் என்பதால். கிடங்கின் எதிரே உள்ள வாசல் எதைக் குறிக்கிறது? இனி வரப்போகும் தலைமுறைக்காகத் திறந்துவைத்த வாசலைக் குறிக்கிறது. இரண்டு மதிப்பெண். இருபத்தாறு வருஷமாக நான் இதை நடத்திக்கொண்டிருந்தேன். அந்த வாசலை வரப்போகும் தலைமுறை எதற்குப் பயன்படுத்தியது என்பது பக்கத்தில் நடந்துபோகிறவர்களின் மூக்குக்குத் தெரியும்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அக்கா அந்தச் சந்தின் படியில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு போய்விட்டது. அறுவைச் சிகிச்சை செய்தும் நடக்க வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து சக்கர நாற்காலியோடு அனுப்பினார்கள். நாற்காலியின் அகலம் இருபத்தைந்து அங்குலம். அத்தான் சந்தை மூன்று தடவை அளந்தார், அளந்தால் சுவர் நகர்ந்துவிடும் என்பதுபோல. கடைசியில் சுமை தூக்கும் ஆட்கள் நாலு பேர் வந்து அக்காவை ஒரு மர நாற்காலியில் கட்டித் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். திருப்பத்தில் அவளைச் சாய்த்தார்கள். அப்பாவைச் சாய்த்த அதே இடம்.

"நான் என்ன பீரோவா?" என்றாள் அக்கா, உள்ளே போய்ச் சேர்ந்த பிறகு. "இனிமே என்னை யாரும் இப்படித் தூக்க வேணாம். நடந்து போற அன்னிக்குப் போய்க்கறேன்."

அந்த நாள் வரவில்லை. பதினாலு மாதம் அக்கா வெளியே போகவில்லை. முன்அறையில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஜாலியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். நாலு வடிவத்திலும் முடிச்சுதான் நெருக்கமானது, ஓட்டைக்குள் ஓர் எலுமிச்சம்பழம் நுழையாது. அதன் வழியாகத் தெருவில் போகிறவர்களின் முழங்கை, பையின் காது, சைக்கிள் கம்பி இப்படித் துண்டு துண்டாகத் தெரியும். குரலை வைத்து இன்னார் போகிறார் என்று சொல்வாள். எனக்கு அந்த அறைக்குள் நுழைந்தாலே மூச்சு முட்டும். அவள் மட்டும் எப்படி இருக்கிறாள் என்று கேட்கப் பயந்துகொண்டு, பத்து நிமிஷத்தில் எழுந்துவிடுவேன்.

கடைசியில் நான்தான் பொறுக்கமாட்டாமல், அப்பா எழுதிய அதே மனுவைத் தூசி தட்டி, டாக்டர் சீட்டையும் இணைத்து, சின்னங்கள் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போனேன். ஓய்வுபெற்ற படம் வரைகிறவர் கூட வந்தால் மதிப்பாக இருக்குமே என்று அத்தானை இழுத்துக்கொண்டு போனேன். அங்கே இருந்த பெண் அதிகாரி பொறுமையானவர். மனுவை முழுக்கப் படித்தார். டாக்டர் சீட்டையும் படித்தார். பிறகு சுவரின் படத்தைக் கொண்டுவரச் சொல்லி, ஒன்பதாம் வீட்டின் மேல் விரலை வைத்தார்.

"எனக்குப் பாவமாத்தான் இருக்கு சார். ஆனா படத்துல இருக்கறதுதான் சுவர். கமிட்டி கையெழுத்துப் போட்ட ஒரிஜினல்ல வேற மாதிரி இருந்தா அதை வச்சு ஏதாவது செய்யலாம். அது தொலைஞ்சு போய் முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு."

நான் அத்தானைத் திரும்பிப் பார்த்தேன். இவ்வளவு நேரத்துக்குள் அவர் அந்தப் படத்தில் நாலு குறையாவது கண்டுபிடித்திருக்க வேண்டும். அவரோ தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீடு வந்ததும் ஸ்டூலைப் போட்டு ஏறி, பீரோவின் உச்சியிலிருந்து தகரக் குழாயை இறக்கி, அக்காவின் கட்டில்மேல் ஒரு பழைய டிரேசிங் பேப்பரை விரித்தார். ஓரத்தில் பதினொரு கையெழுத்து இருந்தது. மணிக்கூண்டுப் பக்கம் நட்சத்திரம் இருந்தது. ஒன்பதாம் வீட்டுக்கு முன்னால் ஒரு வாசல் இருந்தது.

அவர் விளக்கிச் சொன்னதை எனக்குப் புரிந்தமட்டும் சொல்கிறேன். மூலப் படத்தின்மேல், அடியில் இருப்பது தெரிகிற இன்னொரு டிரேசிங் பேப்பரை வைத்து மையில் நகல் எடுப்பது அவர் வேலை. எழுத்தையும் அளவுகளையும் தாளின் முன்பக்கம் எழுதுவார்கள். ஜாலிமாதிரி நுணுக்கமான வடிவங்களைத் தாளைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கம் வரைவார்கள். அப்போதுதான் முன்பக்கம் எதையாவது சுரண்டி அழித்தாலும் வடிவம் கெடாது. ஆனால் மேலே இருக்கிற தாளைத் திருப்பும்போது அடியில் இருக்கிற மூலத்தையும் சேர்த்துத் திருப்ப வேண்டும். அத்தான் மேல் தாளை மட்டும் திருப்பினார். எழுத்தும் எண்ணும் நேராக நிற்க, சுவர் மொத்தமும் கண்ணாடியில் தெரிகிறமாதிரி இடவலம் மாறிவிட்டது. முதலில் இருந்தவன் கடைசிக்குப் போனான். வாசல் வேண்டாத கிடங்குக்கு எங்கள் வாசல் போனது, கிடங்கின் மொட்டைச் சுவர் எங்களுக்கு வந்தது.

சுவர் எழும்பிய அன்றே அவருக்குத் தெரிந்துவிட்டதாம். மாநாட்டுக்கு ஒன்பது நாள் இருக்கையில் எப்படிச் சொல்வது, விழா முடியட்டும் பார்க்கலாம் என்று மூலத்தை எடுத்துச் சுருட்டிக்கொண்டு வந்து குழாய்க்குள் போட்டுவிட்டார். விழா முடிந்தது. அதற்குள் நட்சத்திரக்காரர்கள் கூட்டம் போட ஆரம்பித்திருந்தார்கள். இது முடிச்சுக்காரர்களின் சதி அல்ல, கல்யாணமாகி மூன்று மாதமான ஓர் அலைக்காரன் அடித் தாளைத் திருப்ப மறந்தது என்று சொன்னால் எவன் நம்புவான்? தன் ஆட்களை இரண்டாவது இடத்துக்கு ஏற்றிக்கொள்ளத்தான் செய்தான் என்பார்கள். பயந்துவிட்டேன் என்றார். முதலில் வேலை போகும் என்று பயம், பிறகு தெருவில் அடிதடி வரும் என்று பயம், அதற்கும் பிறகு அப்பாவின் முகத்தைப் பார்க்கப் பயம்.

எனக்கு வந்த கோபத்தில் அவர் கையிலிருந்த குழாயைப் பிடுங்கி அவர் தலையிலேயே போடலாம்போல இருந்தது. அப்பாவின் மனுக்களை எழுதிய கை அது. 'ஒன்பதாம் எண் வீட்டாராகிய நாங்கள்' என்று ஆறு வருஷம் அழகழகாக எழுதிய கை. அக்கா படத்தில் அந்த வாசலின் மேல் விரலை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்பாவைத் தூக்கிட்டுப் போனப்ப உங்களுக்கு இது தெரியும்?"

"தெரியும்."

அக்கா நாற்காலியை ஜாலிப் பக்கம் திருப்பிக்கொண்டாள். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அவர் வைத்த சோற்றைச் சாப்பிட்டாள், அவர் துவைத்ததைக் கட்டிக்கொண்டாள், முகத்தை மட்டும் திருப்பவில்லை. மூன்றாம் நாள் காலையில் சுவரைப் பார்த்தபடியே, "போய்ச் சொல்லிட்டு வாங்க" என்றாள்.

போனோம். அந்தப் பெண் அதிகாரி மூலத்தைப் பார்த்ததும் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். யாருக்கோ போன் செய்தார். அரை மணி நேரத்தில் இயக்குநர் வந்தார். நல்ல மனிதர்மாதிரிதான் பேசினார், எங்களுக்கு டீ வரவழைத்தார். அத்தான் எழுந்து நின்று, நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லி, தண்டனை எதுவானாலும் ஏற்றுக்கொள்கிறேன், ஒன்பதாம் வீட்டுக்கு மட்டும் வாசலைத் திறந்துவிடுங்கள் என்றார். இயக்குநர் மூலத்தைச் சுருட்டி மேஜை டிராயருக்குள் வைத்துப் பூட்டினார்.

ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டனுப்பினார்கள். முப்பத்தாறு வருஷமாகச் சுவர் அப்படித்தான் நிற்கிறது, தபால்தலையில் அப்படி, பாடப் புத்தகத்தில் அப்படி. ஆகவே தப்பு சுவரில் இல்லை, மூலத்தில்தான் என்று மேலிடத்தில் முடிவு எடுத்திருந்தார்கள். மூலத்தைச் சுவருக்குத் தகுந்தமாதிரி திருத்திவிடுவது. இனி தேடவேண்டியது, அந்தக் காலத்துத் தாளும் அந்தக் காலத்துக் கையும். அந்தக் கை அத்தானுடையது.

"நீங்களே வரைஞ்சு குடுத்துடுங்க. கையெழுத்தெல்லாம் பாத்து அப்படியே போட்டுடுங்க. பழைய ஒரிஜினல் கிடைச்சுதுன்னு மியூசியத்துல வச்சுடலாம். அரசாங்க ஆவணத்தை இத்தனை வருஷம் வீட்ல வச்சிருந்தது பெரிய விஷயம், அதை நாங்க கிளற மாட்டோம்" என்றார் இயக்குநர்.

வாசல் என்னாயிற்று என்று நான் கேட்டேன். விழா முடியட்டும், பார்க்கலாம் என்றார். என்ன விழா என்று நான் கேட்கவில்லை. அரசாங்கத்துக்கு எப்போதும் ஒரு விழா இருக்கும். அத்தான் அந்த வார்த்தைகளைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டார், தன்னுடைய வார்த்தைகளையே யாரோ திருப்பிக் கொடுத்ததுபோல.

வரைகிற பலகையை அக்காவின் அறையில்தான் போட்டார். அங்கேதான் வெளிச்சம் என்றார். அதுவும் முடிச்சு முடிச்சாக விழுகிற வெளிச்சம். பெட்டியின் அடியிலிருந்து அந்தக் காலத்து டிரேசிங் பேப்பர் எடுத்தார். இயக்குநர் கொடுத்தனுப்பிய மூலத்தை, இந்தத் தடவை வேண்டுமென்றே, முறைப்படி, திருப்பிப் போட்டு அதன்மேல் தாளை வைத்தார். நாலு நாள் ஆயிற்று. நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போதெல்லாம் அவர் குனிந்திருப்பார், அக்கா பார்த்துக்கொண்டிருப்பாள். முடிச்சு வந்தது, அலை வந்தது, கொடி, நட்சத்திரம் எல்லாம் வந்தன. பதினொரு பேரின் கையெழுத்தையும் போட்டார். அதில் ஒன்பது பேர் செத்துப்போனவர்கள். தன் வாழ்நாளில் பொய்யாக ஒரு கோடு போட்டவர் இல்லை, ஒவ்வொரு கையெழுத்துக்கும் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

நாலாம் நாள் சாயங்காலம் அக்கா நாற்காலியைப் பலகையருகே உருட்டிக்கொண்டு வந்து, ஒன்பதாம் வீட்டின் மேல் விரலை வைத்தாள்.

"இங்க ஒண்ணு போடுங்க."

"அது படத்துல இல்ல."

"எந்தப் படத்துல?"

அத்தான் பேனாவைக் கீழே வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். அதைப் போட்டால் தெரிந்தே செய்த தப்பாகிவிடும் என்று மெதுவாகச் சொன்னார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பதினொரு கையெழுத்தைப் போட்டுவிட்டு வாசலுக்கு யோசிக்கிறாரே மனுஷன்! ஆனால் அவர் கணக்கு வேறு. அது இயக்குநர் போடச் சொன்ன பொய், இது அவராகப் போடுவது.

"தெரியாம ஒரு தப்புப் பண்ணி என்னை உள்ள வச்சீங்க" என்றாள் அக்கா. "தெரிஞ்சு ஒண்ணு பண்ணுங்க."

அவர் அழிக்கிற பிளேடை எடுத்தார். ஒன்பதாம் வீட்டுக்கு முன்னால் நின்ற முடிச்சுகளை ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுத்தார். இரண்டு பக்கமும் நேர்க்கோடு இழுத்தார். டேப் எங்கே என்று அக்காவைக் கேட்டார். அவள் அரிசி டின்னைக் கை காட்டினாள். சக்கர நாற்காலியை அளந்து, இரண்டு பக்கமும் கை இடிக்காமல் இடம் விட்டு, வாசலின் அகலத்தை மூன்றடி நாலு அங்குலம் என்று எழுதினார்.

படத்தை இயக்குநரிடம் கொடுத்தோம். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மணிக்கூண்டிலிருந்து விரலை ஓட்டினார். முடிச்சு, அலை, கொடி, நட்சத்திரம். சரி என்றார். கையெழுத்துகளைப் பார்த்தார். பிரமாதம் என்றார். முத்திரை குத்தினார். முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் பதினொரு பேரும் அப்படித்தான் பார்த்திருப்பார்கள். யார் முதலில் என்று பார்க்கிற கண்ணில் யாருக்கு எங்கே வாசல் என்பது படுவதில்லை. பழைய மூலத்தை என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை.

பத்து நாள் பொறுத்து, அதே மனுவை மூன்றாம் தடவையாக எடுத்துக்கொண்டு அத்தானோடு அந்தப் பெண் அதிகாரியிடம் போனேன். புது மூலத்தை விரித்து ஒன்பதாம் வீட்டில் விரலை வைத்தார். விரல் அங்கேயே நின்றது. என்னைப் பார்த்தார், அத்தானைப் பார்த்தார். மேஜைமேல் இருந்த தண்ணீரை முழுக்கக் குடித்தார். இருக்கிறதே, இருந்தால் திறக்க வேண்டியதுதான் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

கொத்தனார் வந்து இரண்டு நாளில் வெட்டி எடுத்தார். அத்தான் பக்கத்திலேயே நின்றார், ஆனால் ஒரு தடவைகூட அளக்கவில்லை. சிமெண்ட் முடிச்சுகள் உடைந்து விழ விழ அறைக்குள் வெயில் முழுசாக வந்தது. அக்காவுக்குக் கண் கூசியது. மூன்றாம் நாள் காலையில் நான் நாற்காலியைத் தள்ள, அக்கா தன் வீட்டு வாசல் வழியாகத் தெருவுக்கு வந்தாள். முப்பத்தாறு வருஷத்தில் முதல் தடவை. நான் அழுதுவிட்டேன். அவள் அழவில்லை. மணிக்கூண்டுப் பக்கம் திரும்பப் போனேன், வேண்டாம், அந்தப் பக்கம் போ என்று மறுகோடியைக் காட்டினாள்.

அத்தான் பின்னால் வர, சுவரோடு சுவராகப் போனோம். அலை தாண்டி, கொடி தாண்டி, நட்சத்திரம் வந்தது. அதன் ஓட்டைகள் எவ்வளவு பெரியவை என்று அன்றுதான் பக்கத்திலிருந்து பார்த்தேன், ஒரு குழந்தை தலையை விட்டு எட்டிப்பார்க்கலாம். கிடங்கின் எதிரே அந்த வாசல். பக்கத்தில் பித்தளைப் பலகையில் அதன் உட்பொருள் எழுதியிருந்தது, ஏழாம் பாடத்தில் உள்ள அதே வாக்கியம். உள்ளே நாலடி இடம், அதற்கப்பால் மொட்டைச் சுவர். நாற்றம் குடலைப் புரட்டியது. அக்கா நாற்காலியை இன்னும் கிட்டே தள்ளச் சொன்னாள்.

"இதுதானா என்னோடது?"

அத்தான் தலையாட்டினார்.

"உள்ள போய் நில்லுங்க. நான் கூப்பிடற வரைக்கும்."

அத்தான் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். அவர் செருப்போடு அந்த ஈரத்தில் கால் வைத்து உள்ளே போய், கிடங்குச் சுவரைப் பார்த்தபடி நின்றார். அறுபத்துமூன்று வயது மனுஷன், கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டார். அக்கா நாற்காலியைத் திருப்பச் சொன்னாள். நான் மணிக்கூண்டுவரை தள்ளிக்கொண்டு போனேன். அங்கே டீக்கடை பெஞ்சுக்குப் பக்கத்தில் நிழலில் நிறுத்தச் சொல்லி, தெருவில் போகிறவர்களை முழுசு முழுசாகப் பார்த்தபடி ஒரு டீயை ஆற்றி ஆற்றிக் குடித்தாள்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கோபம் எனக்கும்தான் இருந்தது, ஆனாலும் மனம் கேட்கவில்லை. "அக்கா, அவருக்கு மூச்சு முட்டுமே" என்றேன்.

அக்கா கிளாஸை என்னிடம் நீட்டினாள்.

"இன்னொரு டீ சொல்லுடா."

சொன்னேன்.